கேள்வி – பதில்: நகராட்சி உயர்நிலைப் பள்ளியும் அதன் தலைமையாசிரியரும்

கேள்வி: என் தாத்தா 1950-களில் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை இன்றும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறோம். தலைமையாசிரியர் கடைத்தெருவில் நடந்து வந்தால் பெரியவர்கள்கூட எழுந்து நிற்பார்கள் என்று அவர் சொல்லுவார். ஒரு பள்ளித் தலைமையாசிரியருக்கு அத்தனை செல்வாக்கு எங்கிருந்து வந்தது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: பாதி விடை உங்கள் பீரோவிலேயே இருக்கிறது. அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு, மதிப்பெண்கள் ஆகியவற்றோடு தலைமையாசிரியரின் கையெழுத்தும் இருக்கும். பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் கிராமங்களில் வேரூன்றாத காலத்தில், “ஆடிப் பெருக்குக்கு மறுநாள் பிறந்தான்” என்று தகப்பனார் சொன்னதைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொண்ட தேதியே ஒருவருக்கு ஆயுள் முழுவதும் சட்டப்படியான பிறந்த தேதியாக நின்றது. அரசு வேலையில் சேருவதும் ஓய்வு பெறுவதும் அந்தத் தேதியின்படிதான். ஒரு குடும்பத்தின் தலையெழுத்தில் தலைமையாசிரியரின் கையெழுத்துக்கும் பங்கு இருந்தபோது, ஊர் எழுந்து நின்றதில் வியப்பில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு சென்னை மாகாணத்தில் 1911-இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் நம் வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, வேலூர் வட ஆர்க்காட்டின் தலைநகரானது. அன்றைய நிலையில் உயர்நிலைப் பள்ளி என்பது வேலூர், வாலாஜா, திருப்பத்தூர் போன்ற ஊர்களில் மட்டுமே கிடைத்த அரிய பொருள். சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் பல மைல் நடந்து வந்தார்கள், அல்லது உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார்கள். பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முடியாமல் பாதியில் நின்றவர்கள் ஏராளம். பெண் பிள்ளைகள் மிகச் சிலரே ஆறாம் பாரம் (பதினோராம் வகுப்பு) வரை வந்தார்கள். அந்தக் காலத்தைப் போற்றும்போது, அந்த வாசலுக்கே வர முடியாதவர்களையும் நாம் மறக்கக் கூடாது.

பி.ஏ. பட்டம் பெற்று, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி போன்ற இடத்தில் எல்.டி. என்னும் ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டு வந்த தலைமையாசிரியர், தாசில்தாருக்கும் முன்சீப் கோர்ட்டு நீதிபதிக்கும் நிகராக மதிக்கப்பட்டார். ஆனால் பட்டமும் பதவியும் மட்டும் அந்த மதிப்பைத் தந்துவிடவில்லை என்பது என் உறுதியான கருத்து. அக்காலத் தலைமையாசிரியர் வகுப்பெடுத்தார். பெரும்பாலும் ஆறாம் பாரத்துக்கு ஆங்கிலமோ கணக்கோ அவருடைய பாடமாகத்தான் இருக்கும். ஒரு பையனின் கட்டுரை நோட்டைத் திருத்தியவரும், அவன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் கையெழுத்திட்டவரும் ஒருவரே. பழைய மாணவர்கள் பிரம்பை முதலில் நினைவுகூர்ந்தாலும், சிறிது நேரம் பேச விட்டால் அவர் நடத்திய பாடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். பாடம் நடத்தாத தலைமையாசிரியரை மாணவன் அஞ்சலாம், மதிப்பது கடினம்.

அவருக்கு மேலே யாரும் இல்லை என்று எண்ண வேண்டாம். நகராட்சிப் பள்ளியை நடத்தியது நகர்மன்றம். கிராமப்புற ‘போர்டு ஹைஸ்கூல்’களை நடத்தியது ஜில்லா போர்டு என்ற மாவட்ட உள்ளாட்சி அமைப்பு. 1920-ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ் இயங்கிய இந்த அமைப்புகளே பள்ளிக்குப் பணம் ஒதுக்கின. அங்கீகாரம் கொடுப்பதும், இன்ஸ்பெக்‌ஷன் நடத்துவதும் கல்வித் துறையின் வேலை. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தகுதியில்லாத பையனுக்காகச் சிபாரிசு கொண்டுவந்தால், இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கையைக் காட்டி மறுக்கத் தலைமையாசிரியருக்கு வழி இருந்தது. துறை அதிகாரி நியாயமின்றி நெருக்கினால், மன்றம் அவர் பக்கம் நிற்க இடம் இருந்தது. இரண்டு எசமானர்களுக்கு நடுவே அகப்பட்டுத் திண்டாடியவர்களும் உண்டு. அந்த இடைவெளியிலேயே தன்மானத்தோடு நிமிர்ந்து நின்றவர்களும் உண்டு.

கேள்வி: அக்காலத்தில் தமிழாசிரியர்கள் தலைமையாசிரியராக வந்தார்களா?
– வாசகி, ஆரணி

பதில்: வழக்கமாக வரவில்லை, வரவும் விடவில்லை. தலைமையாசிரியர் பதவிக்குப் பட்டமும் எல்.டி.யும் வேண்டும். தமிழ்ப் புலமைக்கான வித்துவான் தேர்வு எழுதி வந்த தமிழ்ப் பண்டிதருக்கு அந்தப் படி எட்டாது, சம்பளமும் குறைவு. இது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் பல பள்ளிகளில் மாணவர் மனத்தை ஆண்டவர் அந்தப் பண்டிதர்தான்.

நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1912-இல் பிறந்த மு. வரதராசனார் முதலில் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். 1935-இல் வித்துவான் தேர்வில் மாகாணத்தில் முதலாவதாகத் தேறியபின், திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்று, 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்தத் தகுதியிருந்த மனிதர், தம் ஊர்ப் பள்ளியிலேயே தங்கியிருந்தால் தலைமையாசிரியர் நாற்காலியை அடைவது அரிதாகவே இருந்திருக்கும்.

கேள்வி: எங்கள் பழைய பள்ளியின் தலைமையாசிரியர்கள் வரலாற்றைத் தொகுக்க முன்னாள் மாணவர்கள் விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?
– வாசகர், வாலாஜா

பதில்: நல்ல முயற்சி. முதலில் தலைமையாசிரியர் அறைக்குச் செல்லுங்கள். பல பழைய பள்ளிகளில் இதுவரை பணியாற்றியவர்களின் பெயர்களும் ஆண்டுகளும் எழுதிய மரப்பலகை சுவரில் இருக்கும். அதை நிழற்படம் எடுத்துக்கொண்டு, அடுத்ததாக மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். அது அழிக்கக் கூடாத நிரந்தர ஆவணம். பெயர்ப்பலகையில் விட்டுப்போனவர்களைக்கூடப் பதிவேட்டுக் கையெழுத்துகள் காட்டிக் கொடுக்கும். குறுகிய காலம் பொறுப்பு வகித்தவர்கள்தாம் பெரும்பாலும் இப்படி விட்டுப்போயிருப்பார்கள்.

பழைய அரசாணைகளையும் நகர்மன்றம் தொடர்பான தாள்களையும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். அங்கே ‘வட ஆர்க்காடு’ என்ற தலைப்பில் கேளுங்கள். 1989-இல் திருவண்ணாமலையும், 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டதால், இன்றைய மாவட்டப் பெயரில் தேடினால் பழைய தாள்கள் அகப்படாமல் போகலாம். 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்து பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடிவுக்கு வந்தபோது பல பள்ளிகளின் பெயரும் மாறியது என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், எண்பது வயதைக் கடந்த பழைய மாணவர்களிடம் உடனே பேசிப் பதிவு செய்துவிடுங்கள். காப்பகம் அடுத்த மாதமும் திறந்திருக்கும்.