லாவண்டர் நம் ஊரில் நிற்குமா?

கேள்வி (லாஸ்பேட்டை): அக்கா, நர்சரியில் வாங்கும்போது பூவோடு இருந்தது. தினமும் தண்ணீர் விட்டும் இரண்டே மாதத்தில் காய்ந்துவிட்டது. வெயில்தான் காரணமா?

பதில்: இல்லைம்மா, தினமும் விட்ட தண்ணீர்தான். வேர் அழுகினாலும் செடி வாடித்தான் நிற்கும். நாம் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றிவிடுகிறோம். லாவண்டர் மத்தியதரைக் கடல் பக்கத்து வறண்ட கல் சரிவுகளில் வளர்கிற செடி. நம் கடற்காற்றின் ஈரமே அதற்கு அதிகம். விரலை விட்டுப் பாருங்கள், இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் தொட்டியை விட மண் தொட்டி நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் காயும். செம்மண்ணும் பெருமணலும் சம பங்கு, கொஞ்சம் செங்கல் சில்லு, ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். தென்னை நார்க்கழிவு வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை படாத, வெளிச்சமும் காற்றும் வரும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். 2024 ஃபெஞ்சல் மழையில் மாடியில் இருந்த என் நான்கு செடிகளும் போய்விட்டன. திண்ணையில் இருந்த ஒன்றுதான் பிழைத்தது. புதுச்செடி வைப்பதென்றால் தை பிறந்து வையுங்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): சமையலுக்கும் ஆகிற வகை எது?

பதில்: அங்குஸ்டிஃபோலியா. ஆனால் அது குளிர் கேட்கும். ஜம்மு பக்கம் பதேர்வாவில் வயலாகவே போடுகிறார்கள். நம் ஊரில் ஓரளவு தாங்குவது, இலை ஓரம் பல் பல்லாக இருக்கும் டென்டேட்டா. அதில் கற்பூர வாடை தூக்கல், பாயசத்துக்குச் சரிவராது. அதனால் செடியை வாசனைக்கு வளருங்கள், சமையலுக்கு உலர்ந்த பூ வாங்குங்கள். அலங்காரத்துக்கு விற்கும் பூவை வாயில் வைக்காதீர்கள், மருந்து அடித்திருக்கலாம்.

கேள்வி (முத்தியால்பேட்டை): பாலில் எவ்வளவு போடலாம்?

பதில்: ஒரு கப்புக்குக் கால் டீஸ்பூன். பால் கொதித்ததும் அடுப்பை அணைத்துப் பூவைப் போட்டு மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். அதற்கு மேல் ஊறினால் சோப்பு வாசனை வந்துவிடும். சுக்குக் காபிக்குக் கொத்தமல்லி விதை தட்டிப் போடுகிறோமே, அதில் இருக்கும் லினலூல்தான் லாவண்டரிலும் முக்கியமான வாசனை. அந்தக் காபியில் நாலு பூ போட்டுப் பாருங்கள், அழகாகச் சேரும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): பூவுக்குப் பதில் லாவண்டர் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா?

பதில்: கூடாது. அது சாப்பிடுகிற பொருளே இல்லை. பூனை வளர்க்கும் வீட்டில் அறைக்குள் ஆவியாக்கவும் வேண்டாம், பூனைக்கு ஆகாது.

கேள்வி (வில்லியனூர்): பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே வைக்கலாமா அண்ணி?

பதில்: தாராளமாக. மொக்கு விரியத் தொடங்கும்போதே காம்போடு பறித்து, நிழலில் தலைகீழாகக் கட்டுங்கள். கையில் நொறுங்கும் அளவு காய்ந்த பிறகே பருத்திப் பையில் போடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடித்துப் புடவை பாழாகிவிடும். நான் கொஞ்சம் வெட்டிவேரும் சேர்த்துக் கட்டுவேன்.