நல்ல சம்பளம் இருந்தும் ஜப்பானில் எனக்கு கிரெடிட் கார்டு மறுக்கப்படுவது ஏன்? வெளிநாட்டவர் என்பதாலா?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது: ஐடி வேலைக்கு டோக்கியோ வந்து சில மாதம்தான் ஆகிறது. ஊரில் சிபில் ஸ்கோர் 800-ஐத் தாண்டும். இருந்தும் மூன்று கார்டு கம்பெனிகள் வரிசையாக, காரணம் எதுவும் சொல்லாமல், ‘இம்முறை தர இயலவில்லை’ என்று மெயில் அனுப்பிவிட்டன.

முதலில், நான்காவது கம்பெனிக்கு விண்ணப்பம் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஜப்பானில் கார்டு கம்பெனிகள் எல்லாம் பார்ப்பது சிஐசி என்ற கடன் தகவல் நிறுவனத்தின் பதிவை. ஜேஐசிசி என்று இன்னொன்று உண்டு, வங்கிகளுக்குத் தனியாக ஒன்று உண்டு. ஆனால் கார்டு என்று வந்தால் சிஐசிதான் முக்கியம். நீங்கள் எங்கே விண்ணப்பித்தாலும் அந்த விண்ணப்பம் அங்கே 6 மாதம் நிற்கும். கார்டு கிடைத்ததா இல்லையா என்று தனியாக எழுதியிருக்காது. ஆனால் விண்ணப்பம் இருக்கிறது, அதை ஒட்டி ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால் மறுத்துவிட்டார்கள் என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். குறுகிய காலத்தில் மூன்று விண்ணப்பம் என்றால், இவர் பணத்துக்கு அலைகிறார் போலிருக்கிறது என்ற எண்ணம் தானாக வரும். ஆறு மாதம் போனால் அந்த வரிகள் அழிந்துவிடும். அதுவரை பொறுத்திருப்பதுதான் உங்களுக்கு நல்லது.

இப்போது ‘ஏன்’ என்ற கேள்வி. சிபில் ஸ்கோர் இந்தியக் கணக்கு, இங்கே அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. சிஐசியில் உங்கள் பெயரில் வெறும் தாள்தான் இருக்கும். வெறும் தாள் என்றால் நல்லதுதானே என்று நாம் நினைப்போம். இங்கே அது சந்தேகத்துக்குரிய விஷயம். கடனைக் கட்டாமல் விட்டவரின் கெட்ட பதிவுகூட, ஒப்பந்தம் முடிந்து 5 ஆண்டு ஆனால் நீக்கப்பட்டுவிடும். அப்படி நீக்கிய பிறகு அவருடைய பதிவும் வெறுமையாகத்தான் இருக்கும். முப்பது முப்பத்தைந்து வயதில் ஒருவருக்குக் கடன் பதிவே இல்லை என்றால், வாழ்நாளில் கடனே வாங்காதவரா, பழைய பாக்கி அழிந்துபோனவரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதற்கு ‘சூப்பர் ஒயிட்’ என்று பேரே வைத்திருக்கிறார்கள். முப்பதைத் தாண்டிய ஜப்பானியர்களுக்கும் இதே காரணத்தால் கார்டு மறுக்கப்படுவது உண்டு.

வெளிநாட்டவர் என்பது கணக்கிலேயே வராது என்று நான் சொல்லவில்லை. வரத்தான் செய்கிறது. ரெசிடென்ஸ் கார்டில் (வெளிநாட்டவருக்கு இங்கே தரும் தங்கும் அனுமதி அட்டை) இன்னும் நான்கு மாதம்தான் மிச்சம் என்றால், ஊருக்குப் போய்விடுவாரோ என்று தயங்குவார்கள். காரணம் சொல்லாமல் மறுக்கும் வழக்கம் எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. எனக்கும் வந்த புதிதில் அப்படி ஒரு மெயில் வந்தது, மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் டோக்கியோவில் நான் இருக்கும் நிஷி கசாய் பக்கம் புதிதாக வருகிற நம்மவர்களுக்கு ஃபார்ம் நிரப்ப உதவும்போது பார்த்திருக்கிறேன்: பல மறுப்புகளுக்குப் பின்னால் நம்மால் சரிசெய்யக்கூடிய விஷயம் ஏதாவது இருக்கும். அதனால் அவற்றை விரிவாகவே சொல்கிறேன்.

வெறும் தாளை நிரப்ப எளிய வழி, செல்போனைத் தவணையில் வாங்குவது. கையில் காசு இருந்தாலும் தவணையில் வாங்குங்கள். இங்கே பெரிய செல்போன் கம்பெனிகளிடம் போனைத் தவணையில் எடுத்தால் அது கடன் ஒப்பந்தமாக சிஐசியில் ஏறும். விசா காலம் தவணைக் காலத்தைவிடக் குறைவு என்றால் தவணை தரமாட்டார்கள். அதனால் விலை குறைந்த போனாகப் பார்த்து, குறைந்த மாதத் தவணை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மலிவு சிம் கம்பெனிகள் பல கிரெடிட் கார்டு இருந்தால்தான் சிம்மே தருவார்கள் என்பதால், முதல் வருடம் பெரிய கம்பெனி ஒன்றில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து இருப்பது நஷ்டமில்லை.

பிறகு அந்தத் தவணை பேங்கிலிருந்து தவறாமல் போக வேண்டும். உங்கள் சிஐசி அறிக்கையை நீங்களே இணையத்தில் 500 யென் கட்டி எடுத்துப் பார்க்கலாம், ஒப்பந்தத்தில் கொடுத்த அதே போன் எண்ணிலிருந்து அழைத்து ஒரு எண் வாங்கிக்கொண்டால் போதும். பிடிஎஃப் திறந்தால், ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் கீழே 24 சிறிய கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று. சரியாகக் கட்டிய மாதத்தில் டாலர் குறி இருக்கும். உங்கள் பக்கக் குறையால் பணம் போகாத மாதத்தில் ‘ஏ’ என்று இருக்கும். சம்பளக் கணக்கு ஒரு பேங்க், தவணை போவது இன்னொரு பேங்க் என்று வைத்துக்கொண்டு, இதிலே காசு போட மறந்தால் அந்த ‘ஏ’ இரண்டு வருடம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பாக்கி 61 நாளோ மூன்று மாதமோ தாண்டினால் ‘இடோ’ என்ற கெட்ட பதிவு ஏறும். அந்த ஒப்பந்தம் முடிந்து ஐந்து வருடம் ஆகும்வரை கார்டு, கார் லோன், வீட்டு லோன் எல்லாமே கஷ்டம். வந்த வருடம் டாலர் குறிகள் வரிசையாக ஆறு ஏழு விழுந்துவிட்டால் அதுவே பெரிய பலம். 2024 நவம்பரிலிருந்து 200 முதல் 800 வரை ஒரு மதிப்பெண்ணும் அந்த அறிக்கையோடு தருகிறார்கள்.

அடுத்தது பெயர். தமிழர்களை அதிகம் மாட்டிவிடுவது இதுதான் என்பது என் அனுபவம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு சர்நேம் இடம் காலி, சிலருக்கு அப்பா பெயர், சிலருக்கு இனிஷியலை விரித்து எழுதிய பெயர். ரெசிடென்ஸ் கார்டில் அது அப்படியே ஆங்கிலப் பெரிய எழுத்தில் இறங்கும். ஆனால் பேங்க் கணக்கும் கார்டு ஃபார்மும் கேட்பது கட்டகானாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில். ரெசிடென்ஸ் கார்டில் கட்டகானா இல்லாததால், முதன்முதலாகக் கணக்குத் திறக்கும் பேங்க் ஊழியர் எப்படிக் கேட்டு எழுதினாரோ அதுதான் உங்கள் பெயர். செந்தில்குமார் என்று ஒருவர் இருந்தால், ஒரு பேங்கில் ‘சென்திருகுமாரு’ என்று இருக்கும், செல்போன் கம்பெனியில் ‘சென்சிருகுமாரு’ என்று இருக்கும். இரண்டும் கட்டகானாவில் வேறு வேறு எழுத்து. சிஐசி தேடுவது பெயர், பிறந்த தேதி, போன் எண் இவற்றை வைத்துத்தான். பெயர் மாறினால், நீங்கள் பாடுபட்டுக் கட்டிய செல்போன் தவணை உங்களோடு சேராமல் போகலாம். கார்டுக்குப் பணம் எடுக்கும் பேங்க் இணைப்பும் இதே காரணத்தால் திரும்பி வரும்.

ஆகவே முதல் பேங்கில் எப்படி விழுந்ததோ அதை பாஸ்புக்கிலிருந்து போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே போனாலும் எழுத்துக்கு எழுத்து அதையே எழுதுங்கள். எது முதல் பாகம், எது இரண்டாம் பாகம் என்பதும் மாறக்கூடாது. ஒற்றைப் பெயர்க்காரர்கள், இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் ஃபார்ம் நகரவில்லை என்றால், தோன்றியதை நிரப்பிவிடாமல் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து கேளுங்கள். இன்னும் கணக்கே திறக்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: உங்கள் பெயரைக் கட்டகானாவில் நீங்களே எழுதி எடுத்துப்போய்க் கொடுத்துவிடலாம்.

இதோடு ஒட்டிய சங்கதி ஒன்று. சில கம்பெனிகள் நீங்கள் உண்மையில் அங்கே வேலை பார்க்கிறீர்களா என்று ஆபீசுக்குப் போன் செய்து பார்க்கும். ஆபீசில் எல்லோரும் உங்களைக் ‘குமார் சான்’ என்று கூப்பிட, ஃபார்மில் அப்பா பெயர் முதலில் இருந்தால், போன் எடுப்பவர் ‘அப்படி யாரும் இல்லையே’ என்று சொல்லிவிடக் கூடும். நிர்வாகப் பிரிவில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஃபார்மில் ஆண்டு வருமானம் கேட்கும் இடத்தில் கைக்கு வரும் தொகையைப் போடாதீர்கள், அவர்கள் கேட்பது வரி பிடிக்கும் முன் உள்ள தொகை. சட்டப்படி உங்கள் வருமானத்திலிருந்து குடும்பத்தின் வாழ்க்கைச் செலவு என்று ஒரு நிலையான தொகையைக் கழிப்பார்கள்: தனியாள், வாடகை வீடு என்றால் 11.6 லட்சம் யென். நால்வர் குடும்பம் என்றால் 24 லட்சம். மிச்சத்தை வைத்துத்தான் கார்டில் செலவழிக்கும் வரம்பு. 3 லட்சம் யென்னுக்கு உட்பட்ட வரம்புக்கு சோதனை எளிது, ஆகவே முதல் கார்டில் பெரிய வரம்பு கேட்க வேண்டாம்.

இன்னொன்று, ‘கேஷிங்’ என்று ஒரு கட்டம் வரும். கார்டை வைத்து ரொக்கக் கடன் எடுக்கும் வசதி. அங்கே பூஜ்யம் போடுங்கள். ரொக்கக் கடன் வேறு சட்டத்தின் கீழ் வருவதால் அதற்குத் தனிச் சோதனை, ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடன் கூடாது என்ற விதி வேறு. வட்டியும் 18 சதவீதம் வரை போகும். நமக்கு எதற்கு?

எந்தக் கார்டு என்று கேட்டால், ரக்குடென் அல்லது எபோஸ். இரண்டுக்கும் ஆண்டுக் கட்டணம் கிடையாது, புதிதாக வந்தவர்களில் பலருக்கு முதல் கார்டாக அமைவது இவைதான். எபோஸ் மருய் கடைகளின் கார்டு. கடையிலேயே நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்பது மொழி தடுமாறும் நமக்கு வசதி. இரண்டுக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முடிவு வரும்வரை பொறுங்கள். விசா புதுப்பிக்கும் நேரம் நெருங்கினால் புது ரெசிடென்ஸ் கார்டு கைக்கு வந்த பிறகே விண்ணப்பியுங்கள்.

கார்டு ஒப்புதலான பிறகும் கைக்கு வராமல் போன கதைகள் உண்டு. தபாலில் வரும் உறையை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்ப அனுமதி இருக்காது. கீழே தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டவில்லை என்றால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடலாம். பெட்டியில் பெயரை ஒட்டுங்கள், வீடு மாறியிருந்தால் வார்டு ஆபீசில் 14 நாளுக்குள் முகவரி மாற்றி ரெசிடென்ஸ் கார்டின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். ஃபார்மில் கட்டடத்தின் பெயர், அறை எண் வரை அதேபோல் இருக்கட்டும்.

அதுவரைக்கும் பேங்க் டெபிட் கார்டு போதும், கடைகளிலும் இணையத்திலும் பெரும்பாலும் செல்லும். ஊர்க் கிரெடிட் கார்டை இங்கே தேய்த்தால் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்காக வெளிநாடு வந்தவர்கள் ஊர் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான) கணக்காக மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

டிபென்டென்ட் விசாவில் வந்த மனைவிக்கோ கணவருக்கோ தனியாக விண்ணப்பிப்பதைவிட உங்கள் கார்டோடு சேர்ந்த குடும்ப கார்டு கிடைக்குமானால் அது எளிது. கடன் பதிவு மட்டும் உங்கள் பெயரில்தான் வளரும்.

கார்டு கைக்கு வந்ததும் ஒரே ஒரு எச்சரிக்கை, இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். கார்டு கம்பெனி மெயிலில் ‘ரிபோ’ என்ற சொல் வரும். பாயின்ட் தருகிறோம், மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் போதும் என்பார்கள். அது சுழல் கடன். ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 லட்சம் யென் பாக்கி இருந்தால் முதல் மாத வட்டி மட்டும் 3,750 யென். வட்டியும் சேர்த்து மாதம் 5,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 1,250. ஜப்பானிய மெயிலைப் படிக்க முடியாமல் சம்மதம் என்று அழுத்திவிட்டு, பிறகு மாதக்கணக்கில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். கடையில் எத்தனை தவணை என்று கேட்டால் ‘இக்காய்’ என்று சொல்லுங்கள். ஒரே தவணை, வட்டி இல்லை. கார்டு வந்த அன்றே ஆப்பில் நுழைந்து ரிபோ தானாக இயங்கும்படி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிறுத்துங்கள். படிக்கத் தெரியவில்லை என்றால் ஆபீசில் ஒரு ஜப்பானிய நண்பரை உட்காரவைத்துப் பாருங்கள்.