பழைய வேனின் வைப்பர் மீண்டும் நின்றுவிட்டது: ஒர்க்‌ஷாப் பொறுப்பேற்குமா?

கேள்வி: எங்களிடம் 17 ஆண்டு பழைய வேன் ஒன்று இருக்கிறது. மழையில் வைப்பர் பாதியில் நின்றுவிடுகிறது என்று சொல்லி ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மோட்டாரை மாற்றிக் கொடுத்தார்கள். 20 நாளில் அதே கோளாறு திரும்ப வந்தது. போய்க் கேட்டால், "மோட்டார் நன்றாக ஓடுகிறது, லிங்கேஜ்தான் தேய்ந்துவிட்டது. அதற்குத் தனிக் கூலி. பழைய வண்டிக்கு உத்தரவாதம் கிடையாது" என்கிறார்கள். பில்லின் அடியிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. அடுத்த வாரம் மழையில் ஓட்டிப் போனபோது வைப்பர் நின்று, ஓரமாக நிறுத்தியிருந்த காரின் பின்விளக்கை இடித்துவிட்டேன். அந்தச் செலவையும் சேர்த்து ஒர்க்‌ஷாப்பிடம் கேட்கலாமா?

பதில்: மோட்டாருக்கும் கூலிக்கும் கொடுத்த பணத்தைக் கேட்கலாம், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. காரின் விளக்குக்கான செலவை அவர்கள் தலையில் கட்டுவது கடினம். இரண்டையும் பிரிப்பது அந்த 20ஆம் நாள். அதுவரை வண்டி சரியாகிவிட்டது என்று நம்பி ஓட்டினீர்கள். அதன் பிறகு, சரியாகவில்லை என்று தெரிந்தே ஓட்டினீர்கள்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. ஆனாலும் காசு வாங்கிக்கொண்டு பழுது பார்ப்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்ற விதி பெரும்பாலான நாடுகளில் உண்டு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வேலையில் உள்ள இந்தக் குறையைச் 'சேவைக் குறைபாடு' என்கிறது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே கருத்து இருக்கிறது.

முதலில் உங்கள் ஜாப் கார்டை, அதாவது வண்டியை விடும்போது செய்ய வேண்டிய வேலையை எழுதித் தரும் சீட்டை, எடுத்துப் பாருங்கள். அதில் "வைப்பர் மோட்டார் மாற்றவும்" என்று எழுதியிருக்கிறதா, "வைப்பர் வேலை செய்யவில்லை, பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறதா? என் அனுபவத்தில் இப்படிப்பட்ட வழக்குகளில் பாதி இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும். மோட்டாரை மாற்றுங்கள் என்று நீங்களே கேட்டிருந்தால், கேட்டதை அவர்கள் செய்துவிட்டார்கள். கோளாறைச் சொல்லிவிட்டு, காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அவர்களிடம் விட்டிருந்தால், தவறான பாகத்தை மாற்றியதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டாவதுதான் நடந்திருக்கிறது.

ஒரு வைப்பர் எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதிலேயே உங்கள் வாதம் இருக்கிறது. மோட்டார் வட்டமாகச் சுற்றுகிறது. கண்ணாடிக்குக் கீழே மூடியிருக்கும் கம்பிகள் அந்தச் சுற்றலை இடமும் வலமுமான வீச்சாக மாற்றுகின்றன. அந்தக் கம்பிகளைத்தான் லிங்கேஜ் என்கிறோம். கம்பிகள் சேரும் மூட்டில் ஒரு சிறிய உலோகக் குண்டு, புஷ் என்ற பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருக்கும். ஆண்டுகள் ஆக ஆகப் புஷ் தேய்ந்து, குண்டு தளர்ந்து, ஒருநாள் வெளியே நழுவிவிடும். அப்போது சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமும், வைப்பர் அசையாது. அல்லது வைப்பர் கை பொருந்தியிருக்கும் தண்டு துருப்பிடித்து இறுகிப்போகும். அப்போது எவ்வளவு நல்ல மோட்டாரும் இழுக்க முடியாமல் சூடேறிப் பாதியில் நிற்கும்.

மோட்டாரைக் கழற்ற வேண்டுமானால் அதை லிங்கேஜிலிருந்து பிரித்தாக வேண்டும். புதிய மோட்டாரைப் பூட்டும்போது மறுபடியும் சேர்த்தாக வேண்டும். அதாவது, மெக்கானிக்கின் கை அந்த மூட்டில் பட்டிருக்கிறது. கையில் பட்ட மூட்டு ஆடுகிறதா, தண்டு இறுகியிருக்கிறதா என்று அசைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைப் பார்க்காததுதான் கவனக் குறைவு. பார்த்துவிட்டும் உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால் அது இன்னும் மோசம்.

இனி, "பழைய வண்டி" என்ற பதில். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வண்டியின் வயது, வேலையை ஒப்புக்கொண்ட அன்றே அவர்களுக்குத் தெரியும். பழைய வண்டியை என்றென்றும் ஓடும்படி செய்து தர யாரும் கடமைப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் பழைய வண்டி என்றால் எந்தப் பாகம் தேய்ந்திருக்கும் என்று கூடுதலாகப் பார்க்க வேண்டும். "மோட்டாரை மட்டும் மாற்றினால் போதாது" என்று எச்சரிக்க வேண்டும்.

பில்லின் அடியில் உள்ள வரிக்கும் பெரிய பலம் இல்லை. 1949இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு ஓட்டல் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. விருந்தினரின் பொருட்கள் காணாமல் போயின. அறைக்குள் மாட்டியிருந்த அறிவிப்பைக் காட்டி ஓட்டல் தப்பிக்கப் பார்த்தது. ஒப்பந்தம் வரவேற்பு மேசையிலேயே முடிந்துவிட்டது, அதன் பிறகு கண்ணில் படும் நிபந்தனை செல்லாது என்றது நீதிமன்றம். உங்கள் பில் கைக்கு வந்ததும் வேலை முடிந்த பிறகுதான். வண்டியை விடும்போது கையெழுத்திட்ட ஜாப் கார்டிலும் அதே வரி இருந்தால் மட்டும் விஷயம் கொஞ்சம் மாறும். அப்போதும் கவனக் குறைவை அந்த வரி முழுதாக மூடிவிடாது.

இப்போது உங்களுக்குக் கசக்கும் பகுதி. மழையில் பாதை தெரியாமல் வண்டி ஓட்டக் கூடாது என்பது ஓட்டுபவரின் கடமை. சாலைப் போக்குவரத்து பற்றிய 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, ஓட்டுநர் இடைவிடாமல் கையால் இயக்கத் தேவையில்லாத, திறம்பட வேலை செய்யும் வைப்பர் ஒன்றாவது வேண்டும் என்கிறது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் வைப்பர் கட்டாயம். "வைப்பர் திடீரென்று நின்றுவிட்டது" என்பது முதல் தடவை மட்டும் சொல்லக்கூடிய காரணம். ஒரு வாரமாகத் தெரிந்த கோளாறு திடீரென்று வந்தது ஆகாது. கார்க்காரருக்கு நீங்கள்தான் பொறுப்பு. இடித்தது விளக்கோடு போனது என்பதில் எனக்கு நிம்மதி. சாலையைக் கடக்கும் ஒருவராக இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடு இருந்தால் கார்க்காரரின் சேதம் பெரும்பாலும் அதற்குள் வரும். நடந்ததை மறைக்காதீர்கள். அவர்களைக் கேட்காமல் கார்க்காரரிடம் எதையும் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம்.

வேறு மெக்கானிக்கிடம் போவதற்கு முன், வைப்பர் நிற்பதை மோட்டார் சத்தம் கேட்கும்படி வீடியோ எடுங்கள். புதிய மெக்கானிக்கிடம், கழற்றுவதற்கு முன் என்ன நிலையில் இருந்தது, எது காரணம் என்று இரண்டு வரி எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். இன்ன தேதியில் இன்ன கோளாறைச் சொன்னேன், மோட்டாரை மாற்றினீர்கள், 20 நாளில் அதே கோளாறு, 15 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்யுங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள் என்று சுருக்கமாக எழுதினால் போதும். மோட்டார் உண்மையிலேயே பழுதாக இருந்து, லிங்கேஜும் சேர்ந்து தேய்ந்திருந்தால் முழுப் பணம் கிடைக்காது. அதனால்தான் அந்தப் பழைய மோட்டார் எங்கே என்று இப்போதே கேளுங்கள். அதைக் காட்ட முடியாவிட்டால், அது பழுதாக இருந்தது என்று நிரூபிப்பது அவர்களுக்குச் சிரமமாகும்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இந்தியாவில் அதற்கு 2 ஆண்டு அவகாசம். மற்ற நாடுகளில் காலக்கெடு மாறும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள்.

வண்டியை மறுபடியும் அவர்களிடமே விட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். கூலி கொடுக்கும் வரை வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் உரிமை பழுது பார்த்தவருக்கு உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் இதைச் சொல்கிறது. அங்கே சண்டை போட வேண்டாம். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதிவிட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து வாருங்கள். யார் கழற்றினாலும் அந்தத் தேய்ந்த புஷ்ஷைக் கேட்டு வாங்கி, ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள். வைப்பர் சரியாகும் வரை, வானம் இருட்டியிருந்தால் வேனை வெளியே எடுக்காதீர்கள்.