சொட்டு மருந்துக்குப் பதிலாகக் கண்ணுக்கு ஹைட்ரோஜெல் மருந்து வந்துவிட்டதா?

வந்துவிட்டது. இன்று நேற்றல்ல, 1993லேயே வந்துவிட்டது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி வரவில்லை.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டில் பெரியவர் யாருக்கோ கிளாக்கோமா, அதாவது கண்ணில் பிரஷர். காலையும் ராத்திரியும் சொட்டு விட வேண்டும், விட்டால் பாதி கன்னத்தில் வழிகிறது, நடுவில் யாரோ ஒரு வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். அப்படித்தானே? தப்பாக இருந்தால் மன்னிக்கவும், எனக்கு அந்தக் காட்சி பழக்கம்.

நான் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'மருந்து பற்றிப் பேச நீ யார்' என்று நாலு பேர் வருவார்கள். எம்.ஃபார்ம் படித்தவன். நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் என் ஆய்வுத் தலைப்பே, கண் பிரஷரைக் குறைக்கும் டைமோலால் என்ற மருந்தைக் கண் ஜெல்லாகச் செய்வதுதான். 'எல்லாரும் பண்றதுதானே' என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் பேட்ச்சிலேயே நான்கு பேர் ஜெல்தான் செய்தோம்.

ஏன் ஜெல் என்றால், கண்ணில் எப்போதும் இருக்கிற கண்ணீர் 7 முதல் 10 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு மருந்து 30 முதல் 50. கண் தாங்குவதே சுமார் 30. மிச்சம் வழிந்துவிடும். தங்கியதையும் புதுக் கண்ணீர் கழுவி, மூக்கோரத்தில் இருக்கும் சின்னத் துளை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் தள்ளிவிடும். கருவிழியைத் தாண்டி உள்ளே போவது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஊறிய சப்ஜா விதையைப் பார்த்திருப்பீர்களே, விதையைச் சுற்றி வழவழவென்று இருக்குமே, ஹைட்ரோஜெல் அந்த ஜாதி. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, உடனே கரைந்து போகாமல் நிற்கிற வலை. மருந்து அதற்குள் மாட்டிக்கொண்டு மெதுவாக வெளியே வரும்.

நான் முதலில் எடுத்தது போலாக்சமர். குளிரில் தண்ணீராக இருக்கும், சூடு பட்டால் உறையும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கண்ணில் விட்டால் அங்கே போய் ஜெல் ஆகும். புத்தகத்தில் படிக்க அழகாக இருக்கும். எங்கள் லேபில் ஏசி கிடையாது, மாதமோ மே. பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும், கவிழ்த்தாலும் விழாது. அதை விட்டுவிட்டு ஜெல்லன் கோந்துக்கு மாறினேன். ஒரு பாக்டீரியா தயாரிக்கும் கோந்து அது. கண்ணீரில் இருக்கும் சோடியம், கால்சியம் பட்டால்தான் இறுகும், எங்கள் ஊர் வெயிலுக்கு மசியாது. 1993ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிமாப்டிக் எக்ஸ்ஈ என்ற டைமோலால் மருந்து இதே ஜெல்லனில் செய்ததுதான். இரண்டு வேளை விட வேண்டிய டைமோலால் அதனால் ஒரு வேளையானது.

கருவிழியைக் கடந்து எவ்வளவு மருந்து போகிறது என்று பார்க்க ஆட்டுக் கண் வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கறிக்கடையில் போய் நின்றேன். பாய் தரமாட்டேன் என்றுவிட்டார். "கண்ணில்லாத தலைய யாரு தம்பி வாங்குவா?" நியாயம்தான். நாலு நாள் நடந்த பிறகு, துண்டு போட்டு விற்கிற தலைகளிலிருந்து மட்டும் எடுத்துத் தர ஒத்துக்கொண்டார், ஜோடி பத்து ரூபாய். குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டு, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். லேபில் கருவிழியைச் சுற்றி வெள்ளை ஓரம் கொஞ்சம் விட்டு வெட்ட வேண்டும். கத்தரி சறுக்கினால் மடிப்பு விழும், விழுந்தால் பத்து ரூபாயும் அன்றைய நாளும் போச்சு. வெட்டியதை இரண்டு கண்ணாடிக் குழாய்களின் நடுவில் மாட்டி, மேலே ஜெல், கீழே கரைசல், 34 டிகிரியில் எட்டு மணி நேரம். மணிக்கொரு தடவை கீழிருந்து கொஞ்சம் உறிஞ்சி 295 நானோமீட்டர் அலைநீள ஒளியில் மருந்தை அளவெடுக்க வேண்டும். எட்டாவது மணியிலும் என் ஜெல் மருந்தை விட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

கண் எரியுமா என்று பார்க்க முயலுக்குப் பதிலாகக் கருவுள்ள முட்டையில் ஒரு சோதனை உண்டு. நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம் என்று கடையில் ஒரு அட்டை வாங்கி இன்குபேட்டரில் வைத்தேன். பத்து நாள் கழித்து உடைத்தால் லேபே காலி, அப்படி ஒரு நாற்றம். சேவலையே பார்க்காத கோழி போட்ட முட்டையில் கரு எங்கிருந்து வரும்? குஞ்சு பொரிக்கும் பண்ணைக்குப் போய்க் கெஞ்சி வாங்கி வந்தேன்.

சரி, திமிர் இறங்கிய கதைக்கு வருகிறேன். இரண்டு வருடம் கழித்து எங்கள் அம்மாவுக்குக் கிளாக்கோமா என்றார்கள். 0.5 சதவீத டைமோலால், சாதாரணச் சொட்டு, இரண்டு வேளை. நான்தான் வாங்கி வந்தேன், நான்தான் விட்டேன். விட்டதும் "தொண்டையெல்லாம் கசக்குது கண்ணு" என்பார். அது மூக்கு வழியாக இறங்குகிறதம்மா என்று சிரித்துக்கொண்டே பாடம் எடுத்தேன். அப்படி இறங்கும் டைமோலால் ரத்தத்தில் கலக்கும், நாடித்துடிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயை இறுக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் நானே டைப் அடித்த வரி இது. அம்மா நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியதை மார்கழிப் பனி என்று நினைத்து ஆவி பிடிக்கச் சொன்னேன். இரண்டு மாதம். கடைசியில் பொது மருத்துவர் ஒருவர், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டபோதும் மாத்திரைகளை மட்டும்தான் சொன்னோம். அவரே "கண்ணுக்கு ஏதாச்சும்?" என்று திருப்பிக் கேட்டார். அன்று சாயங்காலமே கண் டாக்டர் லட்டானோபிராஸ்ட் என்ற வேறு சொட்டு மருந்துக்கு மாற்றினார். ராத்திரி ஒரே ஒரு சொட்டு. மூச்சுத் திணறலும் படிப்படியாக அடங்கியது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டைமோலால் வாங்கிய மெடிக்கலில் பாட்டிலைக் கவரில் போட்டுக் கொடுத்த பையன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க அவனுக்குத் தெரியாது. சுவரில் தொங்கிய ஃபார்மசிஸ்ட் சர்டிபிகேட்டின் சொந்தக்காரர் கடைப்பக்கமே வருவதில்லை. படித்து முடித்த கையோடு என்னிடமும் இரண்டு பேர் சர்டிபிகேட்டை வாடகைக்குக் கேட்டார்கள். ஆறு வருடப் படிப்புக்கு மாதம் மூவாயிரம், வீட்டிலேயே இருந்தால் போதும். அவர்களோடு சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன்.

உங்கள் பதிலில் பாதி அந்த லட்டானோபிராஸ்ட் பாட்டிலில் இருக்கிறது. அது 1996ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜெல் எதுவும் இல்லாமலே ஒரு நாளைக்கு ஒரு சொட்டு போதும் என்றானதும், 'ஒரு வேளை போதும்' என்ற டைமோலால் ஜெல்லின் பெருமை போய்விட்டது. ஜெல் விட்டால் கொஞ்ச நேரம் பார்வை மங்கும். வேறு சொட்டும் இருந்தால் அதை முதலில் விட்டு, பத்து நிமிடம் பொறுத்துத்தான் ஜெல். கெட்டியான திரவத்தைக் கிருமி நீக்கும் வடிகட்டியில் தள்ளுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. அப்புறம், ஜெல்லானாலும் டைமோலால் டைமோலால்தான். என் ஜெல்லையே விட்டிருந்தாலும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியிருக்கும்.

நான் ஜெல்லை மட்டம் தட்டவில்லை. அது வேறு இடத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. டெக்ஸ்டென்சா என்று ஒன்று, 2018ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் 0.4 மில்லிகிராம் அடங்கிய குச்சி மாதிரியான ஹைட்ரோஜெல். கண் ஆபரேஷனுக்குப் பிறகு, நான் மேலே சொன்ன மூக்கோரத் துளைக்குள் டாக்டரே செருகிவிடுவார். 30 நாள் வரை மருந்து விட்டுவிட்டுத் தானாகக் கரைந்துபோகும், எடுக்க வேண்டியதில்லை. மருந்தெல்லாம் ஓடிப்போகிற துளையிலேயே மருந்தை உட்கார வைத்தவன் மூளையே மூளை. 2022ல் கண் அலர்ஜிக்குக் கீட்டோடிஃபென் ஊறிய கான்டாக்ட் லென்ஸுக்கும் அங்கே அனுமதி வந்தது. அந்த லென்ஸும் ஹைட்ரோஜெல்தான். ஹைட்ரோஜெல் லென்ஸின் முன்னோடி செக் நாட்டு ஓட்டோ விக்டர்லே. 1961 கிறிஸ்துமஸின்போது, குழந்தைகள் விளையாடும் மெர்க்கூர் செட்டில் இயந்திரம் கட்டி, வீட்டிலேயே லென்ஸ் வார்த்தவர்.

உங்கள் வீட்டுக்கு இப்போதைக்கு ஆகிற விஷயம் வேறு. என்னை நம்பி எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். தொண்டைக்கு இறங்குவது குறையும். சீட்டில் டைமோலால் என்று இருந்தால் மூச்சுத் தொந்தரவு உண்டா என்று கேளுங்கள், ஆனால் ஆஸ்துமா என்று கேட்காதீர்கள். கண் டாக்டர் கேட்கவே இல்லை என்று வெகு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். போன பொங்கலுக்குத்தான் அம்மா சொன்னார். "ஆஸ்துமா இருக்கான்னு கேட்டாங்க கண்ணு, இல்லேன்னு சொன்னேன். எனக்குச் சின்ன வயசிலிருந்து இருக்கறது இளைப்புதானே?"