கேள்வி மேடை: மன்னரின் கஜானாச் சாவி யாரிடம்?

கேள்வி: பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்ட சண்டைக்கு மதம் காரணமா, அதிகாரப் போட்டி காரணமா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: இரண்டும் உண்டு. ஆயினும் அந்த இரண்டையும் முற்றவைத்தது பணம் என்றே நான் கருதுகிறேன். அமைதிக் காலத்தில் மன்னர் தம் சொந்த நிலங்களின் வருவாயையும் வழக்கமான தீர்வைகளையும் கொண்டு ஆட்சியை நடத்த வேண்டும், போர் போன்ற தனித்தேவை வந்தால் நாடாளுமன்றத்தைக் கூட்டி வரி கேட்க வேண்டும் என்பது அங்கே பழைய ஏற்பாடு. பதினாறாம் நூற்றாண்டின் விலையேற்றத்தில் அந்த வருவாயின் மதிப்பு தேய்ந்துபோக, போர்ச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. மன்னர் அடிக்கடி கை நீட்ட வேண்டியதாயிற்று. குறைகளைத் தீர்த்தால்தான் பணம் என்று உறுப்பினர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

1625-ல் முதலாம் சார்லஸ் பட்டத்துக்கு வந்தபோது, முந்தைய மன்னர்களுக்கு ஆயுள் முழுவதற்குமாக வழங்கப்பட்டுவந்த சுங்கத் தீர்வையை அவருக்கு ஓராண்டுக்கு மட்டும் தர நாடாளுமன்றத்தின் கீழ்ச் சபையான காமன்ஸ் சபை முன்வந்தது. அவரோ அனுமதியில்லாமலே வசூலித்ததோடு, வசதி படைத்தவர்களிடம் கட்டாயக் கடன் கேட்டு, தர மறுத்தவர்களைக் குற்றம் இன்னதென்று கூறாமலே சிறையில் அடைத்தார். நாடாளுமன்றத்தின் இசைவின்றி வரி கூடாது, காரணம் காட்டாமல் சிறை கூடாது என்று 1628-ல் உறுப்பினர்கள் கொண்டுவந்த 'உரிமை விண்ணப்பத்தை' வேறு வழியின்றி ஏற்றுக்கொண்ட சார்லஸ், சுங்கத் தீர்வை அதில் அடங்காது என்று வாதிட்டார். 1629 மார்ச்சில், சபையை ஒத்திவைக்கும் மன்னரின் ஆணையைச் சொல்லி எழ முயன்ற சபாநாயகர் ஜான் ஃபின்ச்சை உறுப்பினர்கள் சிலர் நாற்காலியிலேயே அழுத்திப் பிடித்துக்கொள்ள, கண்டனத் தீர்மானங்கள் நிறைவேறின. அதன் பிறகு 11 ஆண்டுகள் நாடாளுமன்றம் கூடவே இல்லை.

இந்த இடைவெளியில் வந்ததுதான் 'கப்பல் பணம்'. கடற்படைக்காகத் துறைமுகப் பகுதிகளிடம் ஆபத்துக் காலத்தில் வாங்கப்பட்ட இந்த வரியை 1634-ல் மீண்டும் விதித்த சார்லஸ், அடுத்த ஆண்டே கடலைக் காணாத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் அதை நீட்டினார். போர் இல்லை, ஆனால் ஆபத்து உண்டா இல்லையா என்று தீர்மானிப்பவர் மன்னரே என்பது அரசுத் தரப்பின் வாதம். பக்கிங்ஹாம்ஷர் நிலவுடைமையாளரான ஜான் ஹாம்டன் 20 ஷில்லிங் செலுத்த மறுத்து வழக்காடினார். அவருக்கு அது அற்பத் தொகை, கொள்கைக்காகவே மறுத்தார். 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம், 5 பேர் ஹாம்டன் பக்கம் என்று 1638-ல் தீர்ப்பு வந்தது. மன்னருக்காக மிகத் தீவிரமாக வாதிட்ட நீதிபதி யார் தெரியுமா? நாற்காலியில் அழுத்தி உட்காரவைக்கப்பட்ட அதே ஃபின்ச். ஆனால் வழக்கில் வென்ற மன்னர் வசூலில் தோற்றார். ஐந்து நீதிபதிகளே ஒப்பாத வரியை நாம் ஏன் கட்ட வேண்டும் என்று ஊரெங்கும் தயங்கினார்கள்.

மதம் இங்கேதான் உள்ளே வருகிறது. ஸ்காட்லாந்தின் மீது புதிய வழிபாட்டு நூலை சார்லஸ் திணிக்க, அங்கே கிளர்ச்சி எழுந்தது. கிளர்ச்சியை அடக்கப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும். 1640-ல் நாடாளுமன்றத்தைக் கூட்டுவதைத் தவிர அவருக்கு வழியில்லாமல் போயிற்று. 1641-ல் கப்பல் பணம் சட்டவிரோதம் என அறிவிக்கப்பட்டது. 1642 ஆகஸ்டில் உள்நாட்டுப் போர் தொடங்கியது.

கேள்வி: பிரிட்டிஷ் மன்னர் இன்றும் காமன்ஸ் சபைக்குள் நுழைய முடியாது என்கிறார்களே, உண்மையா? (வாசகர், சேலம்)

பதில்: மரபுப்படி நுழைவதில்லை. 1642 ஜனவரி 4-ஆம் நாள் ஹாம்டன், ஜான் பிம் உள்ளிட்ட ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய சார்லஸ் தாமே ஆயுதம் தாங்கிய வீரர்களுடன் வந்து, அவர்களை வாயிலில் நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தார். செய்தி முன்பே கசிந்திருந்ததால் ஐவரும் நழுவிவிட்டிருந்தார்கள். அவர்கள் எங்கே என்று மன்னர் கேட்டபோது, சபாநாயகர் வில்லியம் லென்தால் மண்டியிட்டு, இந்தச் சபை பணிப்பதையன்றி இவ்விடத்தில் காணக் கண்ணும் பேச நாவும் தமக்கு இல்லை என்று விடை கூறினார். பணிவான உடலோடு சொல்லப்பட்ட இவ்வளவு துணிச்சலான மறுப்பு வரலாற்றில் அரிது. அதன்பின் சபை நடந்துகொண்டிருக்கும்போது எந்த முடிமன்னரும் அதற்குள் வந்ததில்லை. கூட்டத்தொடரைத் தொடங்கிவைக்கும் நாளில் உறுப்பினர்களை அழைக்க மன்னரின் தூதராக வரும் 'கறுப்புக்கோல்' அதிகாரியின் முகத்தில் கதவை அறைந்து சாத்துவதும், அவர் மூன்று முறை தட்டிய பின்பே திறப்பதும் இன்றும் தொடர்கின்றன.

கேள்வி: 1649-ல் மன்னரின் தலையை வெட்டியவர்கள் 1660-ல் அவர் மகனையே அழைத்து அரியணையில் அமர்த்தினார்கள். அப்படியானால் அந்தப் புரட்சியால் என்ன பயன்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: கூர்மையான கேள்வி, அதன் முதல் பாதியில் மட்டும் ஒரு திருத்தம். மன்னரின் தலையை வெட்டியது முழு நாடாளுமன்றம் அன்று. 1648 டிசம்பரில் மன்னரோடு சமரசம் பேச விரும்பிய உறுப்பினர்களை, போரில் மன்னரை வென்றிருந்த நாடாளுமன்றப் படையினர் வாயிலிலேயே தடுத்து விரட்டிய பின், எஞ்சிய சிறு கூட்டமே விசாரணை மன்றத்தை அமைத்தது. மரண ஆணையில் 59 பேர் கையெழுத்திட, 1649 ஜனவரி 30-ல் தண்டனை நிறைவேறியது. அந்த எஞ்சிய சபையையும் 1653-ல் படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல் வீரர்களை விட்டு வெளியேற்றினார். மன்னர் இல்லாத நாட்டிலும், படை ஒருவர் கையில் இருக்கும்வரை சபை அவர் தயவில்தான் இருந்தது.

உண்மையான தீர்வு 1688-89-ல் வந்தது. 1660-ல் அழைக்கப்பட்ட மகனின் தம்பியான இரண்டாம் ஜேம்ஸ் பட்டமேற்றபோது 1685-ல் கூடிய நாடாளுமன்றம், விசுவாச மிகுதியில் அவருக்கு ஆயுட்கால வருவாயைத் தாராளமாக அளித்துவிட்டது. பணம் கிடைத்ததும் அவர் அந்தச் சபையை அதே ஆண்டு நவம்பரில் ஒத்திவைத்தார். அது பிறகு கூடவே இல்லை. படையைப் பெருக்கினார், சட்டங்களை நிறுத்திவைத்தார். 1688 நவம்பரில் மருமகன் வில்லியம் ஹாலந்திலிருந்து படையுடன் வந்திறங்க, ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடினார். வில்லியமும் அவர் மனைவியும் ஜேம்ஸின் மகளுமான மேரியும் அரியணை ஏறியபோது உறுப்பினர்கள் பாடம் கற்றிருந்தார்கள். 1689-ன் உரிமைகள் சட்டம், நாடாளுமன்றத்தின் இசைவின்றி வரி விதிப்பதும், சட்டங்களை நிறுத்திவைப்பதும், அமைதிக் காலத்தில் நிலைப்படை வைத்திருப்பதும் சட்டவிரோதம் என்றது.

அந்தச் சட்டத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். என் கணிப்பில், அதைவிட வலுவாக வேலை செய்தவை இரண்டு வறண்ட ஏற்பாடுகள். சுங்கத் தீர்வையைப் புதிய மன்னருக்கு ஆயுளுக்குத் தராமல் நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் தந்தார்கள். படை ஒழுங்குக்கான சட்டத்தைக் குறுகிய காலத்துக்கு இயற்றிவிட்டு, காலாவதியாகும்போது புதுப்பிக்கும் உரிமையைத் தம் கையில் வைத்துக்கொண்டார்கள். பிரான்சுடன் பெரும்போரில் இறங்கிய வில்லியமுக்கு ஒவ்வோர் ஆண்டும் பணம் தேவைப்பட்டது. உரிமை விண்ணப்பத்தை ஏற்றுவிட்டு மீற ஒரு மன்னரால் முடிந்தது; ஆண்டுதோறும் முடிந்துபோகும் அனுமதியை அப்படி மீற முடியவில்லை. 1689 முதல் நாடாளுமன்றம் கூடாத ஆண்டே இல்லை.

வென்றது மக்கள் என்று சொல்லிவிட முடியாது. அன்றைய காமன்ஸ் சபை பெரும்பாலும் நிலவுடைமையாளர்களின் சபைதான். ஆனால் அவர்கள் தமக்காக வகுத்த விதி பலருக்கும் உதவியது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்னும் நம் அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவு அந்த மரபில் வந்ததே.

கேள்வி: இரு சபைகளும் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்த கடைசி முடியரசர் யார்? (வாசகர், புதுச்சேரி)

பதில்: ஆன் அரசி, 1708-ல். ஸ்காட்லாந்தில் ஊர்க்காவல் படை அமைக்கும் மசோதா அது. அதையும் அமைச்சர்களின் ஆலோசனைப்படியே மறுத்தார்.

கேள்வி: மன்னரின் அதிகாரம் இவ்வளவு சுருங்கிய பிறகு, பிரிட்டனில் இந்த வரலாற்றுக்கு இன்று என்ன வேலை? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: மன்னரின் அதிகாரங்கள் முழுவதும் மறையவில்லை, பல, பிரதமரின் கைக்கு மாறின. 2019-ல் பிரெக்ஸிட் நெருக்கடியின் நடுவே பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஆலோசனைப்படி நாடாளுமன்றத்தை ஐந்து வாரங்களுக்கு மூடி எலிசபெத் அரசி ஆணையிட்டார். அந்த ஆலோசனை சட்டத்துக்கு மாறானது, ஆகவே சபை மூடப்படவே இல்லை என்று செப்டம்பர் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நாட்டின் சட்டம் அனுமதிப்பதைத் தவிர மன்னருக்குத் தனியதிகாரம் இல்லை என்று 1611-ல் முதலாம் ஜேம்ஸ் காலத்து நீதிபதிகள் கூறியதை அவர்கள் அதில் மேற்கோள் காட்டினார்கள். மறுநாளே காமன்ஸ் சபை கூடியது.