கிரீஸில் கடலைப் பார்த்தபடி டவெர்னாவில் (அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடை) சாப்பிட்டிருக்கிறீர்களா? கொடுக்கும் காசுக்குத் தகுமா?

ஒரே பயணத்தில் இரண்டு இடங்களில் சாப்பிட்டோம். முதல் இடத்தில் பையில் ஓட்டை, இரண்டாவதில் வயிறு நிறைந்தது. அதனால் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது சாண்டோரினி தீவில். எரிமலை வெடித்து உள்ளே சரிந்த பள்ளத்தில் கடல் புகுந்து நிற்கிறது, அதன் விளிம்பில் மேசை போட்டிருந்தார்கள். காட்சியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சொதப்பியது நாங்கள்தான். மீன் விலை கிலோவுக்கு 75 யூரோ என்று பட்டியலில் இருந்தது. இரண்டு பேருக்கு அரைக் கிலோ வரும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டோம். வந்த மீன் 1 கிலோ 300 கிராம். மனைவி கடைசிவரை முள்ளைக்கூட விடவில்லை, கோபத்தில்.

அங்கே மீன் வாங்கும் முறை நம்ம மீன் கடை மாதிரிதான் என்று பிறகுதான் புரிந்தது. ஐஸ் பெட்டியில் இருப்பதைக் காட்டச் சொல்லலாம், நாமே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், கண் முன்னால் எடை போடச் சொல்லி விலை கேட்டுவிட்டு, அப்புறம் சரி என்று சொல்லலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறைய வைத்த சரக்கு என்று அர்த்தம். கேட்காமலே ரொட்டிக் கூடை வரும், அதற்கும் தலைக்கு ஒரு சிறு தொகை பில்லில் ஏறும்.

இரண்டாவது, ஏஜினா தீவில் பெர்டிகா என்ற மீனவ கிராமம். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து சாதாரணக் கப்பலில் ஒன்றேகால் மணி நேரம், வேகப் படகில் சுமார் 40 நிமிடம். தீவின் முக்கிய ஊரிலிருந்து பெர்டிகாவுக்குப் பேருந்து உண்டு, 9 கிலோமீட்டர்தான். படகுத்துறைக்கு மேலே திண்ணை மாதிரி உயர்ந்த நடைபாதை, அதில் வரிசையாக டவெர்னாக்கள். எதிரே மோனி என்ற குட்டித்தீவு. சாண்டோரினி அளவுக்கு மூச்சடைக்கும் காட்சி கிடையாது. படகு, வலை, கயிறு, அவ்வளவுதான். எனக்கு இதுதான் பிடித்தது. நாற்காலிக்கு அடியில் ஏற்கெனவே இரண்டு பூனைகள் இடம் பிடித்திருந்தன.

பெரியவர் ஒருவர் வந்து மேசையில் காகித விரிப்பைப் போட்டு, காற்றில் பறக்காமல் நாலு பக்கமும் கிளிப் மாட்டினார். பெரிய மீன் பக்கமே போகவில்லை. காவ்ரோஸ் சொன்னோம். நம்ம நெத்திலியின் சொந்தக்காரன்தான்: மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்து, எலுமிச்சைத் துண்டோடு ஒரு தட்டு நிறைய. தலையோடு அப்படியே கையால் எடுத்துத் தின்னலாம், முள் கரண்டியைத் தேட வேண்டாம். அடுத்து, கரியில் சுட்ட பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். வெயிலில் கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்துத்தான் சுடுகிறார்கள். ஓரம் கருகி, உள்ளே மெதுமெது. ஊஸோ என்ற சோம்பு மது குடிப்பவர் என்றால் இதற்கு அதுதான் ஜோடி. தண்ணீர் ஊற்றியதும் பால் மாதிரி வெளுத்துவிடும். சோம்பு எண்ணெய் தண்ணீரில் கரையாததால் வரும் வெளுப்பு அது.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஃபாவா என்று கேளுங்கள். பெயரைக் கேட்டு மொச்சை என்று நினைக்காதீர்கள்; மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயத் துண்டுகளும் போட்டுத் தருவார்கள். தாளிக்காத பருப்புக் கடைசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தக்காளியில் அரிசி அடைத்துச் சுட்டது, தக்காளிச் சாறில் ஊறிய பீன்ஸ் எல்லாம் 'லாதெரா' என்ற தலைப்பில் இருக்கும். ஒரே எச்சரிக்கை: 'நிஸ்டீசிமோ' என்றால் அவர்களுடைய விரதச் சாப்பாடு. அதில் இறைச்சி, பால் கிடையாது. கணவாய் இருக்கலாம், ரத்தம் இல்லாத உயிர் என்பது அவர்கள் கணக்கு. கிராமத்து சாலட்டில் தக்காளி, வெள்ளரி, வெங்காயம், குடைமிளகாய், ஆலிவ், மேலே ஒரு பாளமாக ஃபெட்டா சீஸ். இலைக்கோசு (லெட்டூஸ்) போட்டிருந்தால் சுற்றுலாக்காரர்களுக்கான கடை என்று சந்தேகப்படலாம்.

நாங்கள் 7 மணிக்கே உட்கார்ந்ததால் கடை காலி. அந்த ஊர்க்காரர்கள் 9 மணிக்கு மேல்தான் குடும்பத்தோடு வர ஆரம்பித்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் யாரும் எழுப்பவில்லை. நாமாகக் கேட்டால்தான் பில் வரும். கேட்டோம், கூடவே ஒரு தட்டு தர்பூசணி வந்தது, பில்லில் அது இல்லை. மொத்தம் இருவருக்கு 48 யூரோ.

கடைசிப் பேருந்தைத் தவறவிட்டோம். பெரியவரே போன் போட்டு டாக்ஸி வரவழைத்தார். அது வரும்வரை மிச்சமிருந்த நெத்திலிகளைப் பூனைகளுக்குப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம்.