நாத்தனாரால் முடிகிறது, எனக்கு ஏன் முடியவில்லை?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி வந்தேன். வயது 54. நான்கு ஆண்டுகளாக இடுப்பு வலி. ஸ்கேனில் தேய்மானம் தவிர வேறொன்றும் இல்லை என்கிறார்கள். என் வயதுள்ள நாத்தனார் இன்னும் வேலைக்குப் போகிறார். அவரைப் பார்த்தால் நான்தான் சோம்பேறியோ என்று தோன்றுகிறது. "படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பாருங்கள், நீங்கள் எவ்வளவோ மேல்" என்கிறான் மகன். அதைக் கேட்டால் பயம்தான் வருகிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, நீங்கள் சோம்பேறி இல்லை. 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அப்படி நீடிக்கும்போது பலருக்கு நரம்பு மண்டலம் சின்னத் தொந்தரவையும் பெரிய வலியாக உணர்த்தத் தொடங்கிவிடுகிறது. ஸ்கேன் படம் இதைக் காட்டாது. 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், பாதிப் பேருக்கு மேல் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு (டிஸ்க்) புடைத்திருந்தது. உங்கள் நாத்தனாரின் முதுகுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இரவில் அவர் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது.

ஆனாலும் ஒப்பிடத்தான் செய்வோம். அளக்கக் கருவி இல்லாத இடத்தில் மனிதர்கள் பிறரை வைத்தே தங்களை அளந்துகொள்கிறார்கள் என்று 1954-இலேயே உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். வலிக்குத் தெர்மாமீட்டர் கிடையாது. அதிலும் தோட்டத்தில் கூலியே எடைக்கணக்கு. யார் எத்தனை கிலோ என்று பார்த்தே பழகியவர்கள் நாம்.

மகன் அன்பாகத்தான் சொல்கிறார். நம்மைவிட மோசமான நிலையில் இருப்பவரைப் பார்ப்பது சில நேரம் ஆறுதல் தரும். "நாளைக்கு நானும் இப்படி ஆவேனோ" என்ற எண்ணம் நுழைந்துவிட்டால் அதே காட்சி கிலியூட்டும். புற்றுநோயாளிகளிடம் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இந்த இரண்டு விளைவுகளையுமே கண்டார்கள். நம்மைவிட நன்றாக இருப்பவரைப் பார்ப்பதும் அப்படித்தான்: சிலருக்கு நம்பிக்கை, சிலருக்குக் குமுறல். ஆகவே, "எனக்கு அந்த ஆறுதல் உதவவில்லை, கடைக்குப் போய் அரிசி மூட்டையைத் தூக்கி வா, அதுவே போதும்" என்று மகனிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

நாத்தனார் விஷயத்தில் எனக்கு உள்ள கவலை வேறு. வலி குறைந்த நாளில் அவருக்கு ஈடாக ஆகிவிட வேண்டும் என்று வீடு கூட்டி, துணி துவைத்து, வாசலையும் கழுவிவிட்டு, மறுநாள் எழவே முடியாமல் படுத்துக்கொள்வீர்கள். தோட்டப் பெண்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். கொஞ்ச காலம் இப்படியே போனால் உடல் தளர்ந்து, செய்யக்கூடிய வேலையும் சுருங்கிவிடும்.

அவரிடமே கேளுங்கள். எப்படிக் குனிகிறார், ஒரு முட்டியை ஊன்றிக்கொள்கிறாரா, எப்போது உட்காருகிறார்? அவரிடமிருந்து உங்களுக்குப் பயன்படுவது அதுதான்.

அளவை உங்களிடமிருந்தே எடுங்கள். அடுப்படியில் 15 நிமிடம் நின்றால் வலி ஏறுகிறதா? 10 நிமிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். நன்றாக இருக்கும் நாளிலும் 10 நிமிடம்தான். இந்தக் கட்டுப்பாடுதான் கடினம். ஒரு வாரம் தாங்கினால் ஓரிரு நிமிடம் கூட்டலாம். நாள்காட்டியில் குறித்து, அரசாங்க கிளினிக்கில் காட்டி, பிசியோதெரபிக்குக் கடிதம் கேளுங்கள்.

கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.